ஒண்டியாக வந்தவர்கள்

1896 ஆகஸ்ட் 29. மதுரை ரயிலடியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுக்கிறான். அவன் போக வேண்டியது திருவண்ணாமலைக்கு. பழைய நிலப்படம் ஒன்றில் அண்ணாமலைக்குக் கிட்டத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று பார்த்து வைத்திருந்தான். டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர் விசாரித்துவிட்டு, திண்டிவனம் வரை போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி மாறினால் அண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று சொல்லிக் கொடுத்தார்.

விடிவதற்கு முன் விழுப்புரத்தில் இறங்கியவன் ஊருக்குள் வழி தேடி அலைந்தான். நல்ல பசி. ஒரு சாப்பாட்டுக் கடையில் உச்சிவேளை வரை காத்திருந்து சாப்பிட்டான். இரண்டணாவை நீட்டியபோது, கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கடைக்காரர் கேட்டார். இரண்டரை அணா என்று தெரிந்ததும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் காசில் மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமிச் சாப்பாடு கிடைத்தது. அங்கேதான் காதில் கிடந்த கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து நாலு ரூபாய் வாங்கினான். பாகவதர் தன் முகவரியை எழுதிக் கொடுத்தார். பையனுடைய முகவரியையும் எழுதி வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் பையன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14 அன்று கண்மூடும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

பின்னாளில் ரமண மகரிஷி ஆன அந்தப் பையனின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு பத்தியில் முடித்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். போக வேண்டியதுதான். விழுப்புரத்துக்காரனான எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரை விட்டு நகர மனம் வருவதில்லை. முன்பின் தெரியாமல் ஒண்டியாக வந்து நிற்கும் ஒருவனிடம் எங்கள் பக்கத்தில் கேட்பது இரண்டு. எங்கிருந்து வருகிறாய்? கையில் என்ன இருக்கிறது? முதல் கேள்வியை எல்லா ஊரும் கேட்கும். இரண்டாவதைக் கேட்கிறவர் கொஞ்சம் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் துணிந்துவிட்டார்.

சாப்பாடு இனாமாக வந்தது. நாலு ரூபாய் அடகின்பேரில் வந்தது. இரண்டிலும் அன்பு இருந்தது. ஆனால் சோறு போட்டு அனுப்பியதோடு கடைக்காரருக்கும் பையனுக்கும் கணக்குத் தீர்ந்துபோனது. பாகவதரோடு தீரவில்லை, நடுவில் ஒரு சீட்டு இருந்தது. உறவு எதுவும் வேண்டாம் என்று வீட்டை விட்டுப் புறப்பட்டவர் அதைக் கிழித்தார். துறவிக்கு அது சரி. வேற்று மண்ணில் குடியிருக்க வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டு வேண்டும். அள்ளிக் கொடுக்கிறவரை ஊர் மதிக்கும். கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிறவரைத்தான் ஊர் தன் ஆள் என்று நினைக்கும். எங்கள் மாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பலரைப் பார்த்தும் படித்தும் எனக்குத் தெரியவந்தது இதுதான்.

தமிழ்நாட்டின் வேறெந்த மாவட்டத்துக் கிராமங்களும் இத்தனை நாட்டு மனிதர்களோடு இவ்வளவு காலம் அக்கம்பக்கமாக இருந்ததில்லை என்று நினைக்கிறேன். ஆரோவிலைப் பாண்டிச்சேரியோடு சேர்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள். அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டு அதைத் தொடங்கியபோது அந்த மேடு செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடை வழியே கடலுக்குப் போகும். அங்கங்கே பனை, கொஞ்சம் முந்திரி, மானாவாரியில் மல்லாட்டையும் வரகும் கம்பும். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, இரும்பை, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய கிராமங்களுக்கு நடுவில் வந்து கீற்றுக் கொட்டகை போட்டவர்கள் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். பலர் ஒண்டியாக வந்தவர்கள்.

அவர்களிடம் கிராமம் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் மாறவில்லை. கிணற்றடியிலும் பஸ் நிறுத்தத்திலும் எங்கள் பெண்கள் அதைக் கேட்டே தீருவார்கள். "ஒண்டியாவா வந்த? வூட்ல எப்படி வுட்டாங்க?" அடுத்தது, "கல்யாணம் ஆயிடுச்சா, புள்ளைங்க எத்தினி?" மூன்றாவதுதான் கூர்மையானது. "ஆத்தா அப்பன் இருக்காங்களா? அவங்கள யாரு பாத்துக்கறது?" இதைக் கேட்டுக் கண்கலங்கிப்போன ஒரு வெளிநாட்டுப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். கேட்ட கிழவி பதறிவிட்டார். அவருக்குக் குத்திக்காட்டும் எண்ணம் எதுவும் கிடையாது. யாருடைய மகள், யாருக்கு அக்கா, எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இந்த உலகத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தால்தான் அவளோடு மேற்கொண்டு பேச முடியும். ஊரில் எல்லோருக்கும் ஒரு முறை உண்டு. அத்தை, சித்தி, கொழுந்தியா, நாத்தனார் என்று ஏதாவது ஒன்றில் அவளைச் சேர்க்க வேண்டும். ஒன்றிலும் சேராதவளை என்னவென்று கூப்பிடுவது?

அதுவரைக்கும் நாற்காலிதான். வெள்ளைக்காரர் வாசலில் கால் வைத்ததும் உள்ளே இருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரும். துண்டால் தட்டித் துடைத்துப் போடுவார்கள். வீட்டார் தரையிலோ திண்ணையிலோ இருப்பார்கள். ஒரு பையன் கலர் வாங்கக் கடைக்கு ஓடுவான். இதை மரியாதை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, மரியாதைதான் அது. ஆனால் அந்த நாற்காலி வந்துகொண்டிருக்கும்வரை அவர் விருந்தாளிதான். அவருக்கு முன்னால் வீட்டுச் சண்டையைப் பேச மாட்டார்கள். கடன்காரன் வந்து போனதைச் சொல்ல மாட்டார்கள். பழைய சோற்றைப் போட மாட்டார்கள்.

மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாடகைக்கு வீடு எடுத்து, பிறகு சின்னதாக ஓட்டு வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்ட ஐரோப்பியப் பெண்மணி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் விரும்பமாட்டார் என்பதால் ஊரையும் பெயரையும் எழுதவில்லை. வந்த புதிதில் அவர் கை சும்மா இருக்காது. பிள்ளைகளுக்கு நோட்டு, பென்சில். காய்ச்சல் என்றால் மாத்திரை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோக் காசு. ஊர் அவரை வாயார வாழ்த்தியது. அவர் மட்டும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தண்ணீர் தீர்ந்தால் கேன் வரவழைத்துக்கொள்வார். உடம்புக்கு முடியாதபோது கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்வார். பிறருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். ஊரின் பார்வையில் அந்தச் சாத்திய கதவுக்கு வேறு பொருள் இருந்தது. நம்ம கையால் எதுவும் வேண்டாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டில் காதுகுத்து வந்தது. பந்தலில் மொய் எழுதுகிறவர் மேசை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. அதை மைக்கில் வேறு படிப்பார்கள். இந்தப் பெண்மணி உறையில் 5000 ரூபாய் வைத்துக் கொடுத்தார். ஐந்நூறும் ஆயிரமும் எழுதிக்கொண்டிருந்த நோட்டில் அது பெரிய தொகை. எழுதுகிறவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "எந்த ஊருன்னு போடறது?" என்று கேட்டார். கேள்வி புரியாமல் அவர் தன் நாட்டின் பெயரைச் சொன்னார். அப்படியே எழுதினார்கள், அப்படியே மைக்கிலும் படித்தார்கள். பந்தலே திரும்பிப் பார்த்தது.

அன்று ராத்திரி அந்த வீட்டுக் கிழவிக்குத் தூக்கம் வரவில்லை என்று மகன் என்னிடம் சொன்னார். மொய் வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். கூடக் கொஞ்சம் வைத்துத்தான் செய்ய வேண்டும். இவளுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, காதுகுத்து இல்லை, மஞ்சள் நீராட்டு இல்லை. இவளுக்கு எந்த விசேஷத்தில் போய்த் திருப்பிச் செய்வது? திருப்ப முடியாத மொய் வாங்கியவர் நெஞ்சில் பாரமாக உட்காரும். "வாங்கிட்டு சும்மா குந்தினுருக்க நாம இன்னா பிச்சைக்காரங்களா?" என்று கிழவி கேட்டாராம்.

அந்த ஐரோப்பியப் பெண்மணி ஓட்டு வீடு கட்டி முடித்தபோது கிழவிக்கு வழி கிடைத்தது. அந்த அம்மாவுக்கு விழா வைக்கும் எண்ணமே கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது வீட்டில் படுத்துக்கொள்வதாக இருந்தார். கிழவி விடவில்லை. பால் காய்ச்சியே ஆக வேண்டும் என்று நாள் பார்த்து, பசுமாட்டை ஓட்டி வந்து, கோலம் போட்டு, இட்லிக்கும் கேசரிக்கும் ஆள் வைத்து, வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கோடு அழைத்துவிட்டு வந்தார். முக்கியமாக, மொய் நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடச் சொன்னார். காதுகுத்து வீட்டார் 5500 எழுதினார்கள். கூடவே பித்தளைக் குடம் ஒன்று. மற்றவர்கள் நூறு, இருநூறு, ஐந்நூறு. ஒருவர் நாலு மரக்கால் மல்லாட்டை. அந்த நோட்டு இப்போதும் அவரிடம் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அவர் இனி போக வேண்டும், செய்ய வேண்டும். சித்திரையிலும் வைகாசியிலும் ஊரில் கல்யாணங்கள் குவியும்போது அவரும் எல்லாப் பெண்களையும்போல "இந்த மாசம் மொய்க்கே சம்பளம் பத்தாது" என்று அலுத்துக்கொள்கிறார். அடுத்து ஒரு கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் அவரிடம் ஊரைக் கேட்கவில்லை. உள்ளூர் என்ற தலைப்புக்குக் கீழே தானாக எழுதிக்கொண்டார்.

அந்தக் கிழவி இறந்தபோது நானும் போயிருந்தேன். சாவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று கூப்பிடுவதில்லை. புறப்படும்போது போய்ட்டு வரேன் என்று சொல்வதும் இல்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் வழக்கங்களில் இதுதான் கடினமானது. நன்றியும் விடையும் சொல்லியே பழகிய நாக்கு, சாவு வீட்டிலும் ஏதாவது சொல்லிவிடும். அந்த அம்மா மாலையும் கோடியும் கொண்டுவந்து வைத்தார். பெண்கள் மாரடித்து அழும் வட்டத்துக்குள் உட்கார்ந்தார். அவருக்கு ஒப்பாரி தெரியாது; தோளைக் கட்டிக்கொண்டு அழத் தெரிந்திருந்தது. எடுத்துப் போனபின் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தார். யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

திண்டிவனத்தில் நடந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். அதற்கான வித்து திண்டிவனத்தில் விழுந்தது என்பது திண்டிவனத்தார் பலருக்கே தெரியாது. அதை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆற்காடு மிஷனை 1853இல் தொடங்கிய அமெரிக்கக் குடும்பத்துப் பெண். தாது வருஷப் பஞ்சத்தைச் சின்னப் பிள்ளையாகக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப்போய் அங்கேயே வாழ்வது என்று முடிவு செய்திருந்தார். மிஷனரி வாழ்க்கையில் அவருக்கு விருப்பம் இல்லை.

ஓர் இரவு பிராமண இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர். ஆண் டாக்டர் தன் மனைவியைத் தொடக் கூடாது, நீங்கள்தான் வர வேண்டும் என்று இளைஞர் ஐடாவைக் கெஞ்சினார். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. இளைஞர் போனபின் ஓர் இஸ்லாமியர் வந்தார், அதே வேண்டுகோள். பிறகு இன்னோர் இந்து, அதே வேண்டுகோள். மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அதன்பிறகு அவர் அமெரிக்கா போனது மருத்துவம் படிக்க. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அந்த ஆண்டே அப்பா இறந்துபோனார். வழிகாட்ட ஆளில்லாமல் வேலூரில் அப்பாவின் பங்களாவில் வைத்தியம் தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960இல் கொடைக்கானலில் இறந்தார்.

இந்தக் கதையைத் தியாகக் கதையாகவே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தியாகம் இருக்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் பெரிதாகப் படுவது, கதவைத் தட்டியது ஊர் என்பது. அந்த மூன்று ஆண்களும் சாதி, மதம், கோஷா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுடைய கட்டுப்பாடே மனைவிமாரின் உயிரைக் குடித்தது என்றும் சொல்லலாம். ஆனாலும் நடுராத்திரியில் வேற்று நாட்டுப் பெண்ணின் வாசலில் நின்று கேட்டார்கள். இல்லை என்று சொல்ல நேர்ந்த அந்த இரவுதான் ஐடாவை இந்த மண்ணுக்குக் கடன்காரியாக்கியது. அவர் தானாக ஏதோ கொடுக்க நினைத்து வந்திருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கேட்டதைக் கொடுக்க முடியாமல் போனதால், அறுபது வருஷம் இருந்தார்.

இதற்கு மறுபக்கமும் எங்கள் பழைய தென்னார்க்காட்டில் உண்டு. டென்மார்க்கிலிருந்து 1909இல் மிஷன் பள்ளி வேலைக்காக வந்த ஆன் மேரி பீட்டர்சன் 1920இல் மிஷனை விட்டு விலகினார். சம்பளம், பங்களா, வெள்ளைக்காரச் சமூகத்தின் துணை எல்லாம் அதோடு போயின. பரங்கிப்பேட்டையில் அவருடைய சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளிக்கு 1921 செப்டம்பரில் காந்தி அடிக்கல் நாட்டினார். ராட்டை சுற்றிக்கொண்டு, கதர் உடுத்திக்கொண்டு, சந்தாவும் அரிசியும் கேட்டுப் பள்ளி நடத்த வேண்டிய நிலைக்குத் தன்னைத் தானே கொண்டுவந்து நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணின் துணிவு எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஆளும் இனத்தின் நிறத்தோடு வந்து, கேட்கிற இடத்தில் நிற்பது சாதாரணம் கிடையாது.

ஆரோவிலுக்கு வருவோம். பொட்டலைக் காடாக்கியதை உலகம் புகழ்கிறது. புகழத்தக்க வேலைதான். கரை கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். முதலில் கத்திச் சவுக்கை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு இந்தக் கடற்கரைப் பக்கத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களைக் கோயில் காடுகளிலிருந்து விதை எடுத்துவந்து வளர்த்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயலில் அத்தனை மரம் சாய்ந்தபின்னும் காடு நிற்கிறது. அந்தக் கரைகளை வெட்டியவர்களில், கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துக் கூலிக்காரர்கள். நிலமும் அவர்களுடையதாக இருந்து விற்கப்பட்டது. அன்று விற்ற விலையையும் இன்றைய விலையையும் ஒப்பிட்டுப் பேசாத டீக்கடை அந்தப் பக்கத்தில் இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் முதலாளி, வேலைக்காரர் என்ற கோடு பல இடங்களில் அழியவில்லை. கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த கணக்கில் உறவு வளர இடமில்லை.

கோட்டைத் தாண்டியவர்களும் உண்டு. இங்கிலாந்திலிருந்து 1993இல் பத்தொன்பது வயதில் வந்த கிருஷ்ணா மெக்கன்சி, சாலிட்யூட் என்ற பண்ணையை 1996இல் தொடங்கினார். ஜப்பானிய உழவர் மசானபு புகுவோகாவின் வழியில் உழாத வேளாண்மை. அவர் பேசும் தமிழைத் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் பலர் கேட்டிருப்பீர்கள். ஏட்டுத் தமிழ் கிடையாது, வானூர்ப் பக்கத்துப் பேச்சு. முருங்கை, சுண்டைக்காய், பிரண்டை, வாழைப்பூ, களையென்று நாம் பிடுங்கி எறியும் கீரைகள் என்று காலடியில் முளைப்பதைச் சாப்பிடுங்கள் என்று நம்மிடமே சொல்கிறார். அந்தக் கீரைகளின் பெயரும் பக்குவமும் எந்தப் புத்தகத்திலிருந்தும் முழுதாக வந்துவிடாது. வரப்பில் குனிந்து பறிக்கும் பெண்களைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். இது என்ன, எப்படி ஆய்வது, புளி ஊற்றலாமா என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தால், அந்தப் பெண்ணுக்கு அவர் ஐயா ஆவதில்லை, தம்பி ஆகிறார்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒண்டியாகப் போனவர்கள் கணக்கும் பெரிது. 1853இல் மார்த்தினீக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுபோய் இறக்கிய கப்பல்களிலும், ரீயூனியனுக்குப் போன கப்பல்களிலும் தென்னார்க்காட்டுக் கிராமத்து ஆட்கள் எத்தனையோ பேர். பேச்சு போய்விட்டது. மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் சிதைந்தேனும் அந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். கிடா வெட்டிப் படைத்த சோற்றில் கை நனைக்க ஆப்பிரிக்க வம்சாவளி அண்டைவீட்டாரும் வந்தார்கள், வருகிறார்கள். இன்றைக்கு விழுப்புரத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை. பத்து பேர் அறையில் படுத்து எழுந்து, யார் வீட்டு நல்லது கெட்டதிலும் பேர் எழுதப்படாமலே வயதாகித் திரும்புகிறார்கள். அங்கே ஊர் என்று ஒன்று அவர்களுக்கு வாய்ப்பதே இல்லை.

எங்கள் ஊர்களின் ஏற்கும் மனத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, அது யாரை ஏற்கவில்லை என்பதை எழுதாமல் விட்டால் பாதி பொய்யாகும். அந்த ஐரோப்பிய அம்மா உட்கார்ந்த திண்ணையில், அதே ஊரின் காலனியில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்கள் உட்கார முடியாத வீடுகள் இருக்கின்றன. கடல் தாண்டி வந்தவருக்குப் பால் காய்ச்ச ஓடிவந்த கால்கள், தெருவைத் தாண்டிக் காலனிக்குப் போவதில்லை. 2023இல் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனதற்காக அடி விழுந்தது. ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் சொல்லித்தான் கதவு திறந்தது. திரௌபதி அம்மனுக்குத் தீமிதியும் பாரதக் கூத்தும் நடக்கிற பூமி இது. அந்நியரை உள்ளூர் என்று எழுதத் தெரிந்த கை, உள்ளூர்க்காரரை அந்நியராக வைத்திருக்கிறது. இதை மாற்றாமல் நம்முடைய விருந்தோம்பலைப் பற்றிப் பெருமை பேச நமக்கு உரிமை கிடையாது.

ஒண்டியாக வருகிறவர்கள் இப்போது வேறு திசையிலிருந்து வருகிறார்கள். விக்கிரவாண்டி சாலையோர ஓட்டல்களில் பஸ் நின்று கிளம்பும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் உங்கள் முன் இலை போட்டுத் தண்ணீர் ஊற்றும் பையனைக் கவனித்திருப்பீர்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். செங்கல் சூளையில், கோழிப் பண்ணையில், கட்டட வேலையில், கரும்பு வெட்டில் அவர்கள் இருக்கிறார்கள். மதுரைப் பையன் விழுப்புரத்தில் இறங்கிய வயதுதான் பலருக்கும். அவர்களுக்குக் கூலி கொடுத்து, கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் படுக்க இடமும் கொடுத்து, கணக்கை அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறோம். "ஒண்டியாவா வந்த, அப்பன் ஆத்தாவ யாரு பாத்துக்கறது?" என்று எங்கள் பெண்கள் வெள்ளைக்காரியிடம் கேட்டதை இவர்களிடம் அவ்வளவாகக் கேட்பதில்லை. பாதிப் பேருடைய பெயரே நமக்குத் தெரியாது. எல்லோரும் "ஏய் ஹிந்தி" தான்.

ஆகவே திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து உங்கள் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வரும்போது, உங்களிடம் வேலை செய்யும் அந்தப் பையனுக்கும் அவன் பெயரைக் கேட்டு எழுதிப் பத்திரிகை வையுங்கள். காலனிக்கும் போய், வாசலில் நின்றுவிடாமல் வீட்டுக்குள் போய் வையுங்கள். வந்தால் உங்கள் பந்தியிலேயே உட்கார வையுங்கள். அவர்கள் நூறு ரூபாய் மொய் வைத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும்.